ஒரு பிள்ளையை இழந்தபின் மறுபடி கருவுற்றிருக்கும்போது பரிசோதனைகளை எப்படி அமைத்துக்கொள்வது

ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி கருவுற்றிருக்கும் பெண்ணிடம் "கவலைப்படாதே, இந்த முறை எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எந்த வாரத்தில் எதைப் பார்ப்பார்கள், பார்த்ததிலிருந்து எவ்வளவு தெரியும், அடுத்த சந்திப்பு வரையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்பவர்தான் கிடைப்பதில்லை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அரசுக் கிளினிக்கிலும் மருத்துவமனையிலும் பார்த்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பரிசோதனையும் தான் பார்க்கும் விஷயத்துக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதையும், அந்தப் பதிலுக்கும் ஒரு காலக்கெடு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கே பரிசோதனை ஆறுதல் தருகிறது என்பது என் அனுபவத்தில் கண்டது. மற்றவர்கள் நல்ல சேதியைக் கேட்டுவிட்டு வந்த அன்று இரவே மறுபடி பயப்படத் தொடங்கிவிடுகிறார்கள்.

பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள்

முடிந்தால் கருவுறுவதற்கு முன்பே, இல்லையென்றால் உறுதியான முதல் வாரத்திலேயே, முந்தைய இழப்பு தொடர்பான காகிதங்களை ஒன்றுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது கொடுத்த சுருக்க அறிக்கை, நஞ்சுக்கொடியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவு, குழந்தைக்குப் பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கை, அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனைகள், கர்ப்பகாலப் பதிவுகளைக் கிளினிக்கில் எழுதிவரும் பழைய பிங்க் புத்தகம் ஆகியவை முக்கியமானவை. தனியார் மருத்துவமனையில் இழப்பு நேர்ந்து இப்போது அரசுக் கிளினிக்கில் பதிபவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் ஓர் இடத்தின் பதிவு தானாக மற்றோர் இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்பி உட்கார முடியாது. மருத்துவப் பதிவுப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டால் அறிக்கை கைக்கு வர நாளாகும், ஆகவே சீக்கிரமே கேட்டுவிட வேண்டும்.

இந்தக் காகிதங்களுக்கு இத்தனை முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம், முந்தைய காரணம் எதுவோ அதைப் பொறுத்தே இந்த முறை எதைக் கூடுதலாகப் பார்ப்பது என்று மருத்துவர் தீர்மானிக்கிறார் என்பதுதான். ரத்த அழுத்தம் ஏறி நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் போயிருந்தால், 12 வாரம் தொடங்கி, 16 வாரத்துக்கு முன்பாகவே, குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) காரணமாக இருந்தால் சர்க்கரைப் பரிசோதனை முதல் சந்திப்பிலேயே தொடங்கும். வலியே இல்லாமல் கருப்பை வாய் திறந்து நடு மாதங்களில் குழந்தை போயிருந்தால், கருப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் அளப்பார்கள். அது 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தையல் போடுவதா, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கொடுப்பதா என்று முடிவெடுப்பார்கள். ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதாது, குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் அதை உறுதிசெய்ய முடியும். உறுதியானால் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் போட வேண்டியிருக்கும். இவற்றில் எதையும் நீங்களே கடையில் வாங்கித் தொடங்கிவிடக் கூடாது. ஆனால் மருத்துவர் பேச்சை எடுக்கவில்லையென்றால் நீங்கள் எடுக்கலாம்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் காரணம் தெரியவில்லை என்று எழுதப்பட்ட அறிக்கைகள் நிறைய உண்டு. அந்த வரியைப் படித்ததும் பழி தன்மேல்தான் என்று பெண்கள் எடுத்துக்கொள்கிறார்கள்; அன்னாசிப்பழம், பப்பாளி, கிரகணம், மாடிப்படி என்று உறவினர்கள் ஆளுக்கொன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்ததால் எந்தக் குழந்தையும் இறப்பதில்லை. காரணம் தெரியாத நிலையிலும் வளர்ச்சியைக் கூடுதலாகக் கவனிக்கும் திட்டம் ஒன்று போட முடியும், அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பதிவும் பிங்க் புத்தகமும்

12 வாரத்துக்கு முன்பே அரசுச் சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் பதிந்துகொள்ளுங்கள். புத்தகத்தின் மேல் ஒட்டப்படும் வண்ணக் குறி பலரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் மிஸ்ஸியே (தாதியே) பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் குறி கிடைத்ததற்காக அழ வேண்டியதில்லை, உங்களைவிட அனுபவம் கூடிய கண்கள் உங்கள் புத்தகத்தைப் புரட்டப் போகின்றன என்பதுதான் அதன் பொருள். ஒவ்வொரு சந்திப்பிலும் நிலைமையை மறுபடி மதிப்பிடுவதால் குறி மாறவும் செய்யும்.

முந்தைய இழப்பைப் பற்றிப் புத்தகத்துக்குள்ளே சுருக்கக் குறியீட்டில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமலே புதிதாக வந்த மிஸ்ஸி ஒருவர் "இது முதல் பிள்ளையா?" என்று வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவிடுவார், அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. அட்டையின் உள்பக்கத்தில், முந்தைய குழந்தை எந்த வாரத்தில் இறந்தது, இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்று மலாயில் இரண்டே வரி எழுதி ஒட்டிவிட்டு, புத்தகத்தை நீட்டும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி, சொல்லும்போதெல்லாம் உடைந்துபோகும் தொல்லை பெருமளவு குறையும்.

கிளினிக்கில் பதிந்துகொண்டு ஸ்கேனுக்கு மட்டும் தனியாரிடம் போவது நம் குடும்பங்களில் வழக்கம். அதில் தவறில்லை; ஆனால் அந்த அளவுகளின் அச்சுப்படியைப் பிங்க் புத்தகத்தில் ஒட்டிவைக்க வேண்டும். ஸ்கேனில் கணக்கிடும் எடை உண்மை எடையிலிருந்து 10 முதல் 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம். போன வாரம் ஓர் இயந்திரத்தில் 2.1 கிலோ, இந்த வாரம் வேறோர் இயந்திரத்தில் 2 கிலோ என்றால் குழந்தை மெலிந்துவிட்டதாக ஆகாது. வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்களை முடிந்தவரை ஒரே இடத்தில், குறைந்தது 2 வார இடைவெளி விட்டு எடுத்தால்தான் வளர்ச்சிக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று சரியாகத் தெரியும்.

முதல் ஸ்கேனும் ஸ்கேன் அறையின் மௌனமும்

வலியோ ரத்தப்போக்கோ இல்லாதவர்கள் 7 வாரம் ஆகும்வரை முதல் ஸ்கேனுக்குப் போகாமல் பொறுத்திருப்பது நல்லது என்பேன். 5 வாரத்தில் போனால் பை மட்டும் தெரியும், துடிப்பு தெரியாது, ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து வரச் சொல்வார்கள்; அந்த இடைப்பட்ட நாட்களை, ஒருமுறை இழந்தவர்கள் எப்படிக் கழிப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ரத்தப்போக்கோ, ஒரு பக்கமாகக் குத்தும் வலியோ, மயக்கமோ இருந்தால் வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

என் தங்கையின் இரண்டாவது கர்ப்பத்தில் ஸ்கேன் அறைக்குள் அவளோடு போவது என் வேலையாக இருந்தது. திரை மருத்துவர் பக்கமாகத் திரும்பியிருக்கும். குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து, அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டு அளந்துகொண்டே போவார். தலை, வயிறு, தொடை எலும்பு என்று பட்டன் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அவருக்கு அது வேலையில் ஆழ்ந்திருக்கும் மௌனம். அவளுக்கோ, முன்பு ஒருமுறை அதே மௌனத்துக்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. கட்டிலில் படுக்கும் முன்பே சொல்லிவிடுவது என்று பிறகு முடிவு செய்தோம்: "டாக்டர், தோலோங் பெரிக்சா ஜந்தோங் பேபி டூலு." முதலில் துடிப்பைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஒருவரும் மறுக்கவில்லை, சிலர் திரையையும் அவள் பக்கம் திருப்பினார்கள். இதைக் கணவரோ உடன் வருபவரோ சொல்வது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் படுத்திருப்பவருக்குக் குரலே எழும்பாது.

11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை எடுக்கும் ஸ்கேன் மூலம் பிரசவத் தேதியைச் சரியாகக் கணிக்கலாம், பிடரியில் உள்ள நீரின் அளவையும் பார்க்கலாம். தேதி பிசகாமல் இருப்பது பின்னால் மிகவும் உதவும், குழந்தை சிறியதா இல்லை தேதிதான் தவறா என்ற சந்தேகம் அப்போது வராது. 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் நடக்கும். அது நன்றாக வந்தால் முதுகெலும்பு, மூளை, சிறுநீரகம், இதயத்தின் அறைகள் ஆகியவற்றில் அன்று கண்ணுக்குத் தெரியும் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 34 வாரத்தில் நஞ்சுக்கொடி எப்படி வேலை செய்யும் என்பதை அந்த ஸ்கேன் சொல்லாது. அதற்கு 28 வாரத்திலிருந்து நடக்கும் வளர்ச்சி ஸ்கேன்களும், தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரும் இருக்கின்றன.

இன்னொன்றையும் கேளுங்கள். முந்தைய குழந்தை எந்த வாரத்தில் போனதோ, அந்த வாரத்துக்குச் சற்று முன்பும் அந்த வாரத்திலும் ஒரு சந்திப்பு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருத்துவக் காரணமாக அதை எழுத முடியாமல் போகலாம், ஆனாலும் பெரும்பாலான மருத்துவர்கள் இசைவார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செயிண்ட் மேரிஸ் மருத்துவமனையில், குழந்தையை இழந்த பெண்களின் அடுத்த கர்ப்பத்துக்கென்றே 2013ல் ஒரு தனிக் கிளினிக் தொடங்கினார்கள். ஒரே குழு, கூடுதல் ஸ்கேன், அடிக்கடி சந்திப்பு என்பதுதான் அங்குள்ள முறை. 1984ல் நார்வேயில் வெளியான ஓர் ஆய்வில், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஏற்பட்டு, காரணமும் கண்டுபிடிக்க முடியாத பெண்களில், வாரந்தோறும் பார்த்துப் பேசி அரவணைக்கப்பட்டவர்களுக்கு 86 விழுக்காடும் மற்றவர்களுக்கு 33 விழுக்காடும் கர்ப்பம் நிலைத்ததாக எழுதினார்கள். இரு குழுக்களையும் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை என்பதால் அந்த வித்தியாசத்தை அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் அடிக்கடி போய்ப் பார்ப்பது வீண் பிடிவாதமல்ல என்று சொல்ல அது போதும்.

சர்க்கரைப் பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாக: இரவு முழுதும் வெறும் வயிற்றோடு இருந்து காலையில் ஒருமுறை ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். சர்க்கரை அளவு (mmol/L கணக்கில்) வெறும் வயிற்றில் 5.1க்குக் குறைவாகவும் பிறகு 7.8க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். முந்தைய குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தால் இதைப் பதிவின்போது ஒருமுறையும், அது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்தில் மறுமுறையும் செய்வார்கள். முடிந்ததும் சாப்பிட ஏதாவது பையில் வைத்திருங்கள்.

இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே

உண்மையான சிரமம் கிளினிக்கில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. 28 வாரத்துக்குப் பிறகு வீட்டில் நடக்கும் பரிசோதனை குழந்தையின் அசைவு. பிங்க் புத்தகத்தில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்கி இரவு 9 மணிக்குள் 10 அசைவு வந்துவிட வேண்டும், வராவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அதன் முறை. அட்டவணையை ஒழுங்காக நிரப்புங்கள். ஆனால் முன்பு ஒரு குழந்தையை இழந்தவர் 12 மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தினமும் காலை 11 மணிக்குள் 10 அசைவை முடித்துவிடும் குழந்தை ஒரு நாள் பிற்பகல் 2 மணி வரையில் 4 முறைதான் அசைந்தது என்றால், அட்டவணைப்படி இன்னும் நேரம் இருந்தாலும், அந்தக் குழந்தையின் வழக்கப்படி அது மாற்றம்தான். அந்த மாற்றத்தைச் சொல்லிக்கொண்டு போகலாம்.

சரியாகக் கவனிக்கவில்லையோ என்ற சந்தேகம் மட்டும் என்றால், இடப்பக்கமாகச் சரிந்து படுத்து, தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கிவிட்டு 2 மணி நேரம் கவனியுங்கள். 10 அசைவு வரவில்லையென்றால் கிளம்பிவிட வேண்டும். அசைவு தெளிவாகக் குறைந்துவிட்டது, அல்லது நின்றே போய்விட்டது என்றால் அந்த 2 மணி நேரமும் வேண்டாம். "ஐஸ் தண்ணீர் குடித்துப் பார், இனிப்பு சாப்பிட்டுப் பார், காலையில் போகலாம்" என்று அன்போடுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. மாதம் நெருங்க நெருங்க இடம் போதாமல் குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் தவறு. அசையும் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது.

இந்த நேரத்தில் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பல அரசு மருத்துவமனைகளில் பி.ஏ.சி. என்று அழைக்கப்படும் மகப்பேறு மதிப்பீட்டுப் பிரிவு இரவிலும் இயங்குகிறது. உங்கள் மருத்துவமனையில் அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதைப் பகலில் ஒருமுறை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இருந்துகொண்டு தீவில் பார்ப்பவர்கள் பாலத்து நெரிசலையும் கணக்கில் எடுத்து, அவசரத்தில் செபராங் ஜெயா மருத்துவமனைக்கே போய்விடலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலையைச் சுற்றியுள்ள சாலைகளை மூடிவிடுவார்கள், பினாங்கு மருத்துவமனையும் அந்தப் பக்கம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். கோலாலம்பூரில் மாலை மழை பிடித்தால் என்ன ஆகும் என்று அங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரத்தப்போக்கு, வலிப்பு, மயக்கம் என்றால் 999.

அங்கே போனதும் வயிற்றில் பட்டை கட்டி, குறைந்தது 20 நிமிடம் குழந்தையின் துடிப்பைத் தாளில் பதிவு செய்வார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை என்பது வழக்கமான அளவு. அந்தத் தாள் நன்றாக இருந்தால் இந்த நேரத்தில் குழந்தை நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக வீடு திரும்பலாம். அடுத்த வாரத்துக்கான உறுதிமொழியாக அதை வாங்கிக்கொள்ள முடியாது. ஆகவே கிளம்பும் முன் "எந்த நிலையில் நான் மறுபடி வர வேண்டும்?" என்று கேட்டு, பதிலைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுநாளே மறுபடி அசைவு குறைந்தால், நேற்றுதானே வந்தோம், திட்டுவார்களோ என்று கூசாமல் போங்கள். இரண்டாம் முறை குறைவது முதல் முறையைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம், மருத்துவர்களும் அதை அப்படித்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் வைத்துத் துடிப்பைக் கேட்கும் சிறு கருவிகளை இணையத்தில் விற்கிறார்கள். வாங்காதீர்கள். பழகாத கைக்குத் தாயின் ரத்த ஓட்டமே குழந்தையின் துடிப்பாகக் கேட்கும். அதைக் கேட்டு நிம்மதியடைந்து, போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது. 28 வாரத்துக்குப் பிறகு இரவில் மல்லாந்து தூங்கப் போகாமல் ஒருக்களித்துப் படுங்கள். இடமோ வலமோ, எதுவானாலும் சரி. நடுவில் விழித்து மல்லாந்திருப்பதைக் கண்டால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

கண்ணை உறுத்தும் தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், 140/90ஐத் தொடும் ரத்த அழுத்தம், பனிக்குட நீர் கசிதல் ஆகியவையும் அடுத்த சந்திப்பு வரையில் காத்திருக்கக் கூடாதவை.

மனத்தின் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பயம் இருப்பது இயல்பு. தூக்கமே வராமல், சாப்பிட முடியாமல், குழந்தைக்கு ஒரு துணிகூட வாங்கப் பயந்து, நாள் முழுதும் அதிலேயே கிடப்பதை மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும். கிளினிக்கிலிருந்தே ஆலோசகரிடம் அனுப்பி வைப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555லும், மன ஆறுதல் தரும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 என்ற எண்ணிலும் பேசலாம். வளைகாப்பு வைப்பதா, எப்போது வைப்பது என்பதை வயிற்றில் சுமப்பவரே முடிவு செய்யட்டும். மாமியார் மனம் வருந்துவாரே என்று ஒப்புக்கொண்டு, அன்று முழுதும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் பயனில்லை. வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கிளினிக்கில் டைம் ஸ்லிப் (அந்த நேரத்தில் அங்கே இருந்ததற்கான சீட்டு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரசவத் தேதியைப் பேசுவது

34 வாரத்தை ஒட்டி, எந்த வாரத்தில் எந்த முறையில் பிரசவம் என்று நிபுணரிடம் பேசத் தொடங்குங்கள். "இப்போதே எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கெஞ்சத் தோன்றும், யாருக்கும் தோன்றும். 37 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு மூச்சு, பால் குடிப்பது, உடல் சூடு எல்லாவற்றிலும் தொல்லை வரலாம். 37க்கும் 39க்கும் நடுவிலும்கூட ஒவ்வொரு வாரத்துக்கும் மதிப்பு உண்டு. வளர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கின்றனவா, முந்தைய இழப்பு எந்த வாரத்தில் நேர்ந்தது, தாயின் மனநிலை எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் வைத்து மருத்துவர் ஒரு தேதியைச் சொல்வார். முன்கூட்டி எடுக்க வேண்டிய நிலை வந்தால் நுரையீரல் முதிர்ச்சிக்குத் தாய்க்கு ஊசி போடுவார்கள். தேதி குறித்த பிறகும் அசைவை எண்ணுவதை நிறுத்தக் கூடாது. பிரசவ அறைக்குள் கணவர் வரலாமா, முன்பு இழப்பு நேர்ந்த அதே வார்டைத் தவிர்க்க முடியுமா, குழந்தை பிறந்ததும் அழத் தாமதமானால் யார் வந்து விளக்குவார்கள் என்பதையெல்லாம் அப்போதே கேட்டுவிடலாம்.

குழந்தை வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். மஞ்சள்காமாலை இருக்கிறதா, தொப்புள் காய்கிறதா, பால் போதுகிறதா என்று கவனிப்பார். இரவில் குழந்தை மூச்சு விடுகிறதா என்று மணிக்கொருதரம் எழுந்து பார்த்துக்கொண்டிருந்தால், அதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்தச் சந்திப்பில் தாயின் நலத்தைப் பார்ப்பதும் அவருடைய வேலைதான்.